ஒரு சோபாவுக்காகப் போன பரீட்சை

அந்தச் சோபாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று பேர் உட்காரலாமாம், பழுப்பு நிறமாம், கால்கள் மட்டும் இரும்பாம். இத்தனை விவரமும் என் வீட்டுக்காரரின் வாயைக் கிளறி வாங்கியவை. பார்க்காத ஒரு மரச்சாமான் மேல் மனுஷிக்கு இவ்வளவு ஆத்திரம் வரும் என்று எனக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் என் மாமியார் மேல்கூட நான் இப்படிக் கொதித்ததில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டிடங்களின் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. லிஃப்ட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அதற்குள் இறங்கிக் குந்தி உட்கார்ந்து, எண்ணெயும் தூசியும் முகத்தில் அப்பிக்கொள்ள வேலை பார்க்க வேண்டும். உச்சியில் மோட்டார் அறை, அதற்கு ஓர் இரும்பு ஏணி. லிஃப்ட் ஓடாவிட்டால்தான் இவரைக் கூப்பிடுவார்கள். ஆகையால் லிஃப்ட் மெக்கானிக் என்பவர் ஆயுசு முழுக்க மாடிப்படி ஏறியே தீர வேண்டும். இந்த வேடிக்கையைக் கம்பெனியில் யாரும் யோசித்ததில்லை. இவருடைய முழங்கால்தான் யோசித்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் வலது முட்டி 'நான் வரவில்லை, நீ வேண்டுமானால் போய்க்கொள்' என்று சொல்ல ஆரம்பித்தது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போனில் என்னென்னவோ சொல்வார்கள். கதவு மூடவில்லை, பட்டன் எரியவில்லை, ஏறும்போது முனகுகிறது என்று. அதற்கெல்லாம் டீ குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'ஆள் உள்ளே' என்று இரண்டு சொல் வந்துவிட்டால், அதாவது லிஃப்ட்டுக்குள் மனிதர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவ மாட்டார்கள். யார், எத்தனை பேர், எந்த மாடி என்று எதுவும் கேட்க மாட்டார்கள். கட்டிடம் எது என்று தெரிந்தால் போதும், ஓடுவார்கள். பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறாரோ அவர் போவார். லீவா, வேலை நேரமா என்ற பேச்சே கிடையாது. அந்தச் சொல்லை எவரும் விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு மெக்கானிக் தன் கூட்டாளியைச் சீட்டாட வரவழைக்க அப்படிச் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு அவரோடு யாரும் பேசவில்லை. அவரே வேலையை விட்டுப் போய்விட்டார்.

என் மகள் பிறந்த அன்று இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். போன் வந்தது. ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் அம்மா பல்லைக் கடித்தாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். ஆள் உள்ளே என்றால் ஆள் உள்ளேதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எடுத்ததற்கெல்லாம் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இவர் பார்க்கிற லிஃப்ட்டுகள் ஜப்பானில் செய்தவை. அங்கே, அதைச் செய்கிற கம்பெனியே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. ஒரு வருடம் அங்கே போய்ப் படித்துவிட்டு வந்தால் பயிற்சியாளர் வேலை. பள்ளத்தில் இறங்க வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். கரும்பலகை முன்னால் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். அந்தப் பள்ளியில் சேர இரண்டே நிபந்தனை. ஜப்பானிய மொழிப் பரீட்சையில் நடு நிலையில் தேறியிருக்க வேண்டும். வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு முப்பத்தாறு நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஜப்பான் பாஷை படிக்கலாம்னு பாக்கறேன்" என்றார், ஏதோ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போல.

நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் என்றாலே கடைசி பெஞ்சுக்குக் கீழே போய் ஒளிந்த மனிதர் இவர். ஆனால் மருந்துக் கடை மாடியில் ஒரு டீச்சர் வகுப்பு நடத்துகிறார் என்று விசாரித்து, போய்ச் சேர்ந்தும்விட்டார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். பொம்மைப் படம் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள். அவர்கள் நடுவில் இவர் ஒருவர்தான் நகக்கண்ணில் கிரீஸோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு வகுப்பில் 'அங்கிள்' என்று பெயர்.

தொடக்க நிலை இரண்டையும் தத்தித் தத்தித் தாண்டினார். அது வரைக்கும் தமிழே கை கொடுத்தது. 'செய்து பார்', 'செய்து வை', 'செய்து தொலைத்துவிட்டான்' என்று நாம் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டவைத்துப் பேசுகிறோமே, அவர்களும் அப்படியே பேசுவார்களாம். இவர் அதைக் கேட்டுவிட்டு, ஜப்பான்காரன் நம்ம சித்தப்பா பிள்ளை என்கிற அளவுக்குத் துள்ளினார். நடு நிலைக்கு வந்ததும்தான் சித்தப்பா பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்கிற சின்னச் சின்ன அமைப்புகள், மொத்தம் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். அர்த்தமும் ஒழுங்காக இல்லை. 'அதனால்' என்று சொல்லவே ஏழெட்டு வழி வைத்திருக்கிறார்கள். நல்லது நடந்தால் ஒன்று, கெட்டது நடந்தால் ஒன்று, பழியை ஒருவர் தலையில் போட வேண்டுமானால் தனியாக ஒன்று.

இவர் அட்டைகளில் எழுதி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார், வீட்டுக்கும் ஒரு கட்டு எழுதினார். ஒரு பக்கம் அமைப்பு, மறுபக்கம் அர்த்தம். மாலையில் நான் அடுப்படியில் நின்றபடி அட்டையைப் பார்த்துக் கேட்பேன், அவர் கூடத்திலிருந்து பதில் சொல்வார். சொல்வதெல்லாம் தப்பு. ஒரு மாதம் முட்டி மோதினார். பிறகு ஒரு நாள் வகுப்பிலிருந்து வெளிறிப்போய் வந்தார்.

"டீச்சர் திட்டிட்டாங்க."

"என்னன்னு?"

"அர்த்தத்தை மனப்பாடம் பண்ணி என்ன பிரயோஜனம்? யாரு, யாருகிட்ட, எந்த நேரத்துல இப்படிப் பேசுவாங்கன்னு பாருங்கன்னாங்க. பத்து வருஷம் சைக்கிள் புத்தகம் படிச்சவன் சைக்கிள் ஓட்ட முடியுமான்னு கேட்டாங்க."

அந்த டீச்சர் கெட்டிக்காரி. அவர் சொன்னதை நான்தான் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஓர் அமைப்பைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். 'குஸெநி' என்று ஒன்று. 'அப்படி இருந்துகொண்டே இப்படிச் செய்கிறாயே' என்று குத்திக் காட்டும்போது வருவது. 'ஒரு முட்டைகூட உடைக்கத் தெரியாது, சமையலில் குறை சொல்ல வந்துட்டார்' என்கிற மாதிரி. அது என் மாமியாருடையது. அவர் வாயைத் திறந்தாலே குஸெநிதான். 'பநாஷி' என்று இன்னொன்று, செய்ததைச் செய்தபடி போட்டுவிட்டுப் போவது. விளக்கை எரியவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவது. அது என் மகளுக்கு. 'ட்ஸுய்தேநி' என்றால் 'போறதுதான் போறே, அப்படியே இதையும்'. அது எங்கள் வீட்டில் எல்லாரும் என்னிடம் பேசுகிற பாஷை. எதிர்த்த வீட்டில் குடியிருந்தவர் கணக்குப் பிசகாமல் பேசுகிறவர். இந்நேரம் பஸ் வந்திருக்கணும், இந்நேரம் மழை நின்றிருக்கணும் என்பார். எதுவும் வந்திருக்காது, நின்றிருக்காது. அவருக்கு 'ஹஸு'.

அதற்கப்புறம் அவர் படித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. மாமியார் போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவர் விரல் விட்டு எண்ணுவார். "அம்மா மூணு குஸெநி அடிச்சுட்டாங்க" என்று என்னிடம் ஜாடை காட்டுவார். ஒரு நாள் நான் கோபத்தில், "மத்தவங்களுக்கெல்லாம் ஓடறீங்க, வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிட்டே கெடக்குது" என்று கத்தினேன். அவர் அமைதியாகக் கேட்டார்.

"இதுக்கு எது வரும்? குஸெநியா, பநாஷியா?"

"ரெண்டும் வரும். முதல்ல குழாய் வரணும்."

குழாய் சரியாயிற்று. இலக்கணமும் சரியாயிற்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அந்த அம்மி நகர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கேட்கிற எனக்கே பாதி வந்துவிட்டது. மாதிரித் தேர்வுகளில் முதலில் பாதிகூட வாங்காதவர், கடைசியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்தார். டீச்சர் அவர் தாளைத் தூக்கிக் காட்டி, "அங்கிளைப் பாருங்க" என்றாராம். அதை அவர் என்னிடம் சொன்னபோது முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

ஆனால் இதற்குள் அவருக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது. எங்கள் ஊரில் அந்தப் பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவைதான். இந்தத் தடவை விட்டால் நாற்பது ஆகிவிடும், பள்ளிக்கூடத்துக் கதவு மூடிவிடும். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே மாட்டோம். பேசினால் பயம்.

இவருடைய சூப்பர்வைசரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பட்டப்படிப்புப் படித்துவிட்டு நேரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். பள்ளத்தில் இறங்கியதில்லை. காரியம் ஆக வேண்டுமானால் இவரை 'அண்ணே' என்பார், ஆகிவிட்டால் 'யோவ்' என்பார். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பே இவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். "நல்லா எழுதுங்கண்ணே, ஜப்பான் போனா எனக்கு ஒரு வாட்ச் வாங்கிட்டு வாங்க" என்று வாழ்த்தும் சொன்னார். மேனேஜர் சிபாரிசுக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். அன்றைய நாளுக்கு வேறொரு மெக்கானிக் பொறுப்பில் இருந்தார். ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை நானே கொண்டுபோய்ப் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலில் விட்டேன். உள்ளே போனை அணைத்து ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். போன் மணி அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் போனை அணைத்ததே கிடையாது. உறையில் போடும்போது ஏதோ செத்துப்போன குருவியை வைப்பது போல் வைத்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்த அவர் வகுப்புப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

முதலில் சொற்கள். அது நன்றாகவே போயிற்று. அடுத்தது இலக்கணமும் வாசிப்பும், எதற்காக இத்தனை வருடம் மாமியாரைப் பங்கு போட்டோமோ அது. பாதி எழுதியிருப்பார். கண்காணிப்பாளர் மெதுவாக வந்து மேசையில் ஒரு துண்டுத் தாளை வைத்தார். அதில் கட்டிடத்தின் பெயர். அதன் கீழே, 'ஆள் உள்ளே'.

வாசலில் சூப்பர்வைசர் கார் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். காவலாளியிடம் உயிர்ப் பிரச்சினை என்று சொல்லித் தாளை உள்ளே அனுப்பியிருக்கிறார். வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று கண்காணிப்பாளர் இவரிடம் இரண்டு தடவை சொன்னாராம். இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். நல்ல மனுஷன், அந்தக் கண்காணிப்பாளர். பாதியில் நின்ற விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். இவர் பார்க்கவில்லை.

காரில் போகும்போது இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், அதுதான் வழக்கம். கட்டிடம் வந்ததும், பக்கத்தில் ஓடிய இன்னொரு லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல், முட்டி வலியோடு எட்டு மாடி ஏறி, மோட்டார் அறைக்குப் போய், லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்பதைப் பார்த்தார். பிரேக்கை விடுவித்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக ஆறாவது மாடிக்குக் கொண்டுவந்தார். சுற்றிக்கொண்டே கீழே குரல் கொடுத்திருக்கிறார்.

"பயப்படாதீங்க, வந்துட்டேன். கதவுகிட்ட நிக்காதீங்க."

இறங்கி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அந்தச் சோபா. செங்குத்தாக நிற்கிறது. ஓர் இரும்புக் கால் உள்கதவை முட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கதவு லேசாக விலகி லிஃப்ட் நின்றுவிட்டது. சாமான் தூக்குகிறவர்கள் சோபாவை உள்ளே நிறுத்திவிட்டு, தங்களுக்கு இடம் இல்லை என்று பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் படியேறியிருக்கிறார்கள். இவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

சோபா அந்தக் கட்டிடச் சங்கத் தலைவருடைய வீட்டுக்கு வந்தது. தலைவரின் மனைவி படியில் நின்றிருந்தார். நல்ல அம்மாள். இவரைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"ஞாயித்துக்கிழமை எதுக்குங்க ஓடி வந்தீங்க? பக்கத்து லிஃப்ட்டு ஓடுதே. நாளைக்கு வந்து எடுத்துக் குடுத்தாப் போதும்னு போன்லயே சொன்னேனே."

இவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசர் லிஃப்ட் பட்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிடத்துப் பராமரிப்பு ஒப்பந்தத்தை அந்த மாதம் தலைவர்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பொறுப்பில் இருந்த மெக்கானிக் ஊரின் அடுத்த கோடியில் வேறு வேலையில் இருந்தார், சாயங்காலம் வந்திருப்பார். தலைவர் வீட்டுச் சோபா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கலாமா? கூடாது. என் வீட்டுக்காரரின் மூன்று வருடம் காத்திருக்கலாம்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது. அன்றைக்கு அவர் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். பரீட்சை முடிகிற நேரம் ஆகவில்லையே என்று பார்த்தால், சட்டை முழுக்க கிரீஸ். பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை அது.

"ஆள் இருந்திருந்தா நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு படுத்துவிட்டார்.

மறுநாள் மாலை சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்படி ஒருவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கையால் டீ வாங்கிக் குடித்தார் என்பதை நினைத்தால் இன்னும் அந்த நாற்காலியை உதைக்கத் தோன்றுகிறது. மேனேஜருக்கு விஷயம் போய்விட்டிருந்தது. லீவில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஆளை எதற்காக எழுப்பிக் கொண்டுபோனாய் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசரோ, ஆள் உள்ளே இருந்தார் என்று சொல்லிவைத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவருக்கு, இப்போது சோறு போட இன்னொரு கை வேண்டியிருந்தது.

"அண்ணே, பழுதுச் சீட்டுல உள்ள இருந்தவங்கன்னு ஒரு இடம் இருக்கில்ல, அங்க வயசான அம்மா ஒருத்தர்னு எழுதிடுங்க. அவ்வளவுதான். மேனேஜரே பயிற்சிப் பள்ளிக்குக் கடிதம் போடறேன்னு சொல்லிட்டாரு. உயிரைக் காப்பாத்தப் பரீட்சையை விட்டுட்டு வந்த ஆளு, வயசுல ஒரு வருஷம் தள்ளுபடி குடுங்கன்னு. ஜப்பான்காரங்க இந்த மாதிரி விஷயத்துக்கு உருகிடுவாங்கண்ணே. அடுத்த வருஷம் எழுதுங்க, ராஜா மாதிரி போங்க."

இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். சூப்பர்வைசர் போனதும் நான் கதவைச் சாத்தினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எழுதிவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொன்னேன். பொய் சொன்னது யார்? அவன். நஷ்டம் யாருக்கு? நமக்கு. அவன் சொன்ன பொய்யிலேயே நம் நஷ்டத்தைச் சரிக்கட்டிக்கொள்வதில் என்ன பாவம்? நான் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறவள். வருகிறவர்களில் பாதிப் பேர் உயிர் போகிறது என்று சொல்லித்தான் வரிசையைத் தாண்டப் பார்க்கிறார்கள். உயிர் யாருக்கும் போனதில்லை. உலகம் அப்படித்தான் நடக்கிறது.

"ஒரு வரிங்க. ஒரே ஒரு வரி. உங்க முட்டி நாப்பத்தஞ்சு வயசுல என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"நான் எழுதினா, அது சீட்டுல ஏறிடும். ஆபீஸ்ல மேனேஜரைத் தவிர எல்லாருக்கும் அங்க சோபாதான் இருந்ததுன்னு தெரியும். தலைவர் வீட்டம்மாவுக்குத் தெரியும், தூக்கின ஆளுங்களுக்குத் தெரியும். சூப்பர்வைசர் பொய் சொன்னான்னா அது அவன் பொய். நான் கையெழுத்துப் போட்டா, மெக்கானிக்கும் சொல்லுவான்னு ஆயிடும். அப்புறம் எவன் ஓடுவான்?"

"ஊருக்கெல்லாம் ஓடறது நீங்கதான். உங்களுக்கு யாருங்க ஓடறாங்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நான் சொன்னேன். அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.

மறுநாள் அவர் பழுதுச் சீட்டில் எழுதினார். 'உள்ளே ஆள் இல்லை. சோபா ஒன்று.' எழுதி நேரே மேனேஜர் மேசையில் வைத்தார். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "இதை வச்சுக்கிட்டு நான் அவங்களுக்கு எப்படிக் கடிதம் எழுதறது? ஒரு சோபாவுக்காக எங்க ஆபீஸ் அவரைக் கூட்டிட்டு வந்துச்சுன்னா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எழுதலாமே! அப்படியே எழுத வேண்டியதுதானே! எங்கள் தவறு, எங்கள் ஆளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று எழுதினால் கை முறிந்துவிடுமா? பொய்க்குக் கடிதம் எழுதத் தயாராக இருந்த கை, உண்மைக்கு எழுத வரவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு இனிமேல் இப்படிச் செய்யாதே என்று வாயால் எச்சரித்தார்கள். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. அந்த மகிழ்ச்சியில் ஆபீஸில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்களாம். என் வீட்டுக்காரர் அந்த இனிப்பைப் பொட்டலமாக மடித்து மகளுக்குக் கொண்டுவந்தார். நான் அதைக் குப்பையில் போட்டேன். மகள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு நாற்பது ஆயிற்று. மோட்டார் அறைச் சுவரிலிருந்து அட்டைகளை எடுத்துவிட்டார். டீச்சர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கே வந்து, பள்ளி இல்லாவிட்டால் என்ன, பரீட்சையை எழுதலாமே என்று கெஞ்சினார். இவர் சிரித்துக்கொண்டே முட்டியைத் தடவிக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்கு அந்த வருடம் எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் போகவில்லை.

மற்ற மெக்கானிக்குகள் விஷயத்தைக் கேள்விப்பட்டு வேறு மாதிரி ஆகிவிட்டார்கள். சூப்பர்வைசர் போனில் 'ஆள் உள்ளே' என்றால், "ஆளா சார், சோபாவா சார்?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிப்போகும். எனக்குக் கேட்கக் கேட்கக் குளிர்ந்தது. அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு நியாயம் கிடைத்தது என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். போன் அடித்தது. சூப்பர்வைசரின் பெயர். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "அண்ணே, ஆள் உள்ளே." கட்டிடத்தின் பெயர். அதே குரல், அதே 'அண்ணே'.

நான் இவர் முகத்தையே பார்த்தேன். கேளுங்கள், கேளுங்கள் என்று எனக்கு நாக்கு துடித்தது. இவர் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து செருப்பைத் தேடினார்.

"ஏங்க, அந்தப் பய சொல்றதைக் கேட்டா ஓடறீங்க? ஆளா, சோபாவான்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமா?"

"கேக்கற நேரம் உள்ள இருக்கறவன் நேரம்" என்றார் அவர். முட்டியைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். மூன்றாவது படியில் நின்று, "நான் இப்பக் கேட்டா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஏற்கெனவே கேக்கறாங்க" என்றார்.

சாப்பாடு ஆறிப்போனது. நான் மூடிவைக்கவில்லை. சாயங்காலம் வந்தார், கை கழுவினார், அந்த ஆறிய சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"ஆள்தானா?" என்று கேட்டேன்.

"ஆள்தான்."

"யாரு?"

"கேக்கலையே" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.